நேருக்கு நேர் நின்ற இரண்டு அம்புகள்

வரைபடத்தில் ஒரு வாய்க்காலை வரையும்போது எந்த முனையில் தொடங்குகிறோம் என்பது முக்கியம். காகிதத்தில் கோடு வெறும் கோடுதான். கணினியில் அப்படி இல்லை. முதலில் சொடுக்கிய இடம் தலை, கடைசியாகச் சொடுக்கிய இடம் கால். தலையிலிருந்து காலை நோக்கித் தண்ணீர் போவதாகக் கணினி எடுத்துக்கொண்டு, கோட்டின் நடுவில் ஒரு சின்ன அம்பை வைத்துவிடும். தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும் உள்ள ஆறு, வாய்க்கால், வடிகால், வயலுக்குள் நுழையும் கன்னி வாய்க்கால் எல்லாவற்றையும் இப்படி அம்போடு வரைந்து முடிப்பதுதான் அந்த வருஷம் எங்கள் பிரிவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அரசின் வரைபடங்களையும் அவற்றோடு சேர்ந்த தகவல்களையும் பராமரிக்கும் சின்னப் பிரிவு அது. அதற்குத் தலைமை நான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேனும் என் பேச்சில் மிடுக்கு கூடுதலாகத் தெரிந்தால் காரணம் விளங்கும். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நான் கல்லூரியில் புவித்தகவல் படித்து, தேர்வு எழுதி, வேலையில் சேர்ந்து, ஒரு குழுவை நடத்தும் இடத்துக்கு வந்தபோது அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்: “எம் பொண்ணு கம்ப்யூட்டர்லயே வாய்க்கா வெட்டுறா. மண்வெட்டியே வேணாம்.” திருத்தலாம் என்று நினைத்து, விட்டுவிட்டேன். என் வேலையை அதைவிடச் சுருக்கமாக நானும் யாருக்கும் சொன்னதில்லை.

குழுவில் மூன்று பேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் திருவையாற்றுப் பக்கத்து இளைஞன். தலைமடைக்காரன். அதாவது, ஆற்றில் தண்ணீர் திறந்தால் முதலில் வாங்குகிற ஊர்க்காரன். இன்னொருத்தி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பிறந்தவள். கடைமடைக்காரி. எல்லோரும் வாங்கியது போக மிச்சம் இருந்தால் தண்ணீர் எட்டிப் பார்க்கும் ஊர். மூன்றாமவர் ட்ரோன் இயக்குபவர், அதிராம்பட்டினத்துக்காரர். அவருடைய வாப்பா பல வருஷம் துபாயில் கடையில் வேலை பார்த்தவர். வயல் விவகாரம் எது வந்தாலும் இவர் ஒதுங்கிக்கொள்வார். “எங்க வூட்டுக்கு அரிசி மூட்டையில வரும் மேடம். வாய்க்கா எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?”

இரண்டு அம்புகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் கணினி அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும். இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்து நடுவில் மறைந்துபோக முடியாது என்பது அதன் கணக்கு. பெரும்பாலும் யாரோ ஒருவர் அவசரத்தில் தப்பான முனையில் தொடங்கியிருப்பார். கோட்டைத் திருப்பிவிட்டால் புள்ளி போய்விடும். அப்படித்தான் வாரக்கணக்காக உட்கார்ந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மிஞ்சிய புள்ளிகளில் ஒன்று அணைய மறுத்தது.

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். மேற்கே இருப்பதை மேல ஊர் என்றும் கிழக்கே இருப்பதைக் கீழ ஊர் என்றும் சொல்கிறேன். இரண்டின் வழியாகவும் ஒரு நீர்த்தடம் ஓடி, கிழக்கே ஒரு சிறிய ஆற்றில் சேர்கிறது. ஊர் எல்லையில் அதன்மேல் ஒரு சின்னப் பாலம். மேல ஊர்ப் பகுதியை வரைந்தவன் தலைமடைக்காரன். அவன் அம்பு கிழக்கு நோக்கி வந்து பாலத்தில் நின்றது. கீழ ஊர்ப் பகுதியை வரைந்தவள் கடைமடைக்காரி. அவள் அம்பு ஆற்றிலிருந்து கிளம்பி மேற்கு நோக்கி வந்து அதே பாலத்தில் முட்டியது.

“அது வடிகால்ப்பா,” என்றான் அவன். “மேல ஊர்ல தேங்குற தண்ணி வடிஞ்சு கிழக்க ஆத்துல விழுது. படத்தப் பாத்தாலே தெரியுது.”

“படத்தப் பாத்தா ஒங்களுக்குத் தெரியும். எனக்கு ஊரத் தெரியும். ஆனியில குறுவைக்கு அதுல தண்ணி ஆத்துலேர்ந்து மேற்க ஏறி வரும்.”

“தண்ணி ஏறுமா? ஒங்க ஊர்த் தண்ணிக்குக் காலு மொளச்சிருக்கோ?”

“எங்க ஊருக்குத் தண்ணி வர்றதே பெருசு. எப்புடி வந்துச்சுன்னு நாங்க கேக்க மாட்டோம். நீங்க தலைமடை மகராசா. மாட்டக் கழுவவே ஒரு ஆறு வேணும் ஒங்களுக்கு.”

ட்ரோன்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நான் போயி டீ வாங்கிட்டு வர்றேன். ரெண்டு அம்புக்கும் சக்கர போடலாமா, வேணாமான்னு மட்டும் சொல்லுங்க.”

நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சண்டையில் ஏதோ என்னைப் பிடித்துக்கொண்டது. இருவரும் கெட்டிக்காரர்கள். கவனக்குறைவாக வரைகிறவர்கள் இல்லை. தன் வயலைத் தாண்டிப் போகும் தண்ணீரைத் தலைமடைக்காரன் ‘வடிகிறது’ என்பான். அதே தண்ணீரைக் கடைமடைக்காரி ‘வருகிறது’ என்பாள். எனக்கு வயல் இல்லை. தலைமடை, கடைமடை இரண்டுமே அம்மா நடவுக்குப் போன இடங்கள், அவ்வளவுதான். அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் பார்க்க முடிந்தது. பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. ட்ரோன் எடுத்த உயரப் படத்தில் அந்த இடம் தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. தடம் முழுக்கக் கோரை மண்டிக் கிடந்ததால் அடியில் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வானத்திலிருந்து தெரியவில்லை.

சும்மா விட்டுவிட முடியாத விஷயம் வேறொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் ‘வகை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பாசன வாய்க்கால் அல்லது வடிகால், இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரும் வேலை நடக்கும். எங்கள் வரைபடத்தில் வாய்க்கால் என்று இருப்பதை ஒரு பிரிவு எடுத்துக்கொள்ளும். வடிகால் என்று இருப்பதை இன்னொரு பிரிவு எடுத்துக்கொள்ளும். சிவப்புப் புள்ளியோடு நிற்கும் கோட்டை யாருமே எடுக்க மாட்டார்கள். அந்த வருஷத்துக்கு அது தூர் வாரப்படாமல் கிடக்கும். வரைபடத்தை ஒப்படைக்க ஒரு வாரம்கூட இல்லை.

“ஏதாவது ஒண்ணப் போட்டு முடிச்சுருங்கம்மா,” என்றார் மேலதிகாரி. நல்ல மனிதர்தான். அவருக்கு அது ஒரு கோடு.

மறுநாள் காலை ஜீப் கேட்டு வாங்கினேன். கடமை உணர்ச்சி என்று சொன்னால் பொய். தண்ணீர் ஏறுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

வைகாசி வெயில். தடம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. நாங்கள் நால்வரும் அதற்குள்ளேயே இறங்கி, ஆற்றில் சேரும் முனையிலிருந்து மேற்கு நோக்கி நடந்தோம். கடைமடைக்காரி கையில் ரோவர். கம்பத்தின் உச்சியில் தட்டு போன்ற கருவி. நிறுத்திய இடத்தின் உயரத்தைச் செயற்கைக்கோள்களிடம் கேட்டுச் சொல்லும். கோரையை விலக்கி, கம்பத்தை மண்ணில் ஊன்றி, உயரம் எடுத்து, அடுத்த இடம். நண்டு வளைகளில் கம்பம் அடிக்கடி உள்ளே இறங்கிவிடும். பிடுங்கி மறுபடி ஊன்ற வேண்டும்.

பாலத்தை நெருங்கும்போது கரைமேல் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தூர்வார ஆள் வந்திருப்பதாக எப்படியோ சேதி போயிருந்தது. ஒருவர் மேல ஊர்க்காரர், வெள்ளைச் சட்டை, மொபெட்டில் சாய்ந்து நின்றார். பாலத்துக்கு மேற்கே அவருக்கு நிலம். இன்னொருவர் கீழ ஊர்ப் பெண்மணி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். அந்த நிலம் பாலத்துக்குக் கிழக்கே, பாலத்தை ஒட்டியே இருந்தது.

“எந்தப் பக்கம்மா எழுதப் போறீங்க?” என்றார் அந்த அக்கா, வாங்க என்றுகூடச் சொல்லாமல்.

“என்னக்கா எழுதணும்?”

“வாய்க்காலா, வடிகாலா. அதத்தான எழுத வந்திருக்கீங்க?”

மேல ஊர்க்காரர் மொபெட்டை விட்டு நிமிர்ந்தார். “மேடம், வாய்க்கான்னு மட்டும் எழுதிப்புடாதீங்க. எங்க ஊரு முழுவிடும். ஓரத்துல சிமெண்டப் போட்டு ஒடுக்கி, இந்தப் பாலத்துல ஒரு கதவையும் மாட்டிட்டுப் போயிருவாங்க. ஐப்பசி மழையில அந்தக் கதவ யாரு தூக்குறது?”

“நாங்க தூக்குவோம்ல?”

“தூக்குவீங்க, தூக்குவீங்க. கொரம்ப வெட்டச் சொல்லியே எத்தன தடவ ஆளு விட வேண்டியிருக்கு!”

“வடிகாலுன்னு எழுதினா எங்க கதி என்னாவும், அதயும் சொல்லுங்களேன். கெணறு மாதிரி தோண்டிப் போட்டுருவாங்கம்மா. ஆத்துத் தண்ணி அந்தப் பள்ளத்த ரொப்புறதுக்குள்ள எங்க மொற முடிஞ்சிரும். எம் மடைக்கு எங்க ஏறுறது?”

“எங்கயும் எழுதாம விட்டா?” என்றேன். கேட்டுப் பார்க்கத்தான் கேட்டேன்.

அந்த அக்கா கையை நீட்டித் தன் நிலத்தைக் காட்டினார். போன குறுவையின் தாள்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. அறுத்த தாள்கள் இல்லை அவை. மாடு கடித்து விட்டவை. “எழுதாமத்தான போன வருசம் விட்டாங்க. தடத்துக்குள்ள அந்த மண்மேடு தெரியுதுல்ல, அதுக்குக் கெழக்கயே தண்ணி நின்னுபோச்சு. நட்டது பூராவும் காஞ்சு மாட்டுக்குப் போச்சு. இந்த வருசமும் இல்லன்னா சிங்கப்பூர்க்காரரு நெலத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. சொல்லிட்டாரு. வெதைய ஊறப் போடவா வேணாமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

கொரம்பு என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்கு: ஆற்றின் குறுக்கே மூங்கிலையும் சவுக்குக் கழியையும் வரிசையாக அடித்து, வைக்கோலும் மணல் மூட்டையும் அடைத்துப் போடும் தற்காலிகத் தடுப்பு. கீழ ஊர்க்காரர்கள் குறுவைக்குத் தண்ணீர் வரும்போது, இந்தத் தடம் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதைப் போடுவார்கள். ஆற்றில் மட்டம் உயரும். உயர்ந்த தண்ணீர் வேறு வழியில்லாமல் தடத்துக்குள் புகுந்து மேற்கே ஏறும். மழைக்காலம் தொடங்கும்போது கொரம்பை வெட்டிவிடுவார்கள். அதன்பின் மேல ஊர்த் தண்ணீர் கிழக்கே வடியும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருஷா வருஷம் சண்டை.

தலைமடைக்காரன் இதைக் கேட்டுவிட்டு ரோவரையே பார்த்துக்கொண்டு நின்றான். “மேடம், இப்பவும் கேக்குறேன். நெசமா இந்தப் பாலம் வரைக்கும் ஏறுமா? இவங்க சொல்றாங்க, அவங்க சொல்றாங்க. நம்ம படத்துல என்னத்தக் காட்டுறது?”

அதே கேள்விதான் எனக்கும். ஊர்க்காரர்கள் இருவரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் வரைபடத்தில் ஒன்றை வைக்க வேண்டுமென்றால் கண்ணால் பார்த்த ஏதாவது வேண்டும். தண்ணீரோ இல்லை. போன தண்ணீர் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்குமா?

வெயில் தாங்காமல் பாலத்தடியில் போய்க் குந்தினேன். நடுவில் ஒற்றைத் தூண். அதன் மேற்கு முகத்தில், என் தோள் உயரத்துக்கு, வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் கிழிந்த சேலைத் துண்டும் திரண்டு ஒட்டியிருந்தன. மேற்கிலிருந்து வேகமாக வந்த தண்ணீர் தூணில் மோதி விட்டுச்சென்றவை. குறுவை அறுத்த வைக்கோல்; ஆக, ஐப்பசி, கார்த்திகை வெள்ளம். சரி, வடிகால் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எழுந்து, தூணைச் சுற்றி மறுபக்கம் போனேன்.

கிழக்கு முகத்திலும் இருந்தது. தாழ்வாக, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆகாயத்தாமரையின் காய்ந்த வேர்கள், தெர்மாகோல் துணுக்குகள், ஒரு செருப்பு. பாலத்துக்கு மேற்கே கண்ணுக்கு எட்டியவரை ஆகாயத்தாமரை இல்லை. ஆற்றில்தான் அது மண்டிக் கிடந்தது. ஒரு வேரைத் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. போன வருஷத்தது இல்லை, அதற்கும் முந்தையது. போன வருஷம் தண்ணீர் மண்மேட்டைத் தாண்டவில்லை என்று அந்த அக்கா சொன்னதோடு அது ஒத்துப்போனது.

எல்லோரையும் கூப்பிட்டேன். ட்ரோன்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “தூணு ரெண்டு பக்கமும் மீசை வச்சிருக்கு மேடம்,” என்றார். அதுவரை அவர் வயல் விஷயத்தில் அக்கறையாக எதையும் சொன்னதில்லை. அன்று வெவ்வேறு கோணத்தில் அத்தனை படம் எடுத்தவரும் அவர்தான். தலைமடைக்காரன் கம்பத்தை வாங்கி இரண்டு குப்பைகளின் உயரத்தையும் அளந்தான். கடைமடைக்காரி அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“காலு மொளச்சிருக்குல்ல?” என்றாள்.

“மொளச்சிருக்குப்பா. ஆனா என் பக்கத்து மீசதான் பெருசு.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் உயரங்களை வரிசைப்படுத்தினோம். ஆற்று முனையிலிருந்து பாலம் வரை தடத்தின் அடிமட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. நடுவில் அந்த மண்மேடு மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொரம்பு போட்டால் ஆற்று மட்டம் எவ்வளவு உயரும் என்பதை ஆற்றுக் கரையில் படிந்த கறையை வைத்து அளந்திருந்தோம். மேடு இல்லாவிட்டால் அந்த மட்டம் பாலத்தூண் வரை வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து மேற்கே, நாங்கள் அளந்தவரை, நிலம் லேசாக உயர்கிறது. ஆக இரண்டு அம்பும் சரி. சிவப்புப் புள்ளி நின்ற இடமும் சரி. ஒரு தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ, இன்னொரு தண்ணீர் எதைத் தாண்டி இறங்குகிறதோ, அந்த இடத்தில்தான் அது இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். பிழை என்று கணினி சொன்னது அந்த ஊர்களைப் பற்றிய மிகச் சரியான தகவலாக இருந்தது.

சந்தோஷத்தை வைத்துக்கொண்டு கட்டத்தை நிரப்ப முடியாது. ‘வகை’யில் ஒன்றைத்தானே போட முடியும்? அதனால் பாலத்துக்குக் கிழக்கே இரண்டு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தோம். ஒன்று வாய்க்கால், குறுவை, மேற்கு நோக்கிய அம்பு. இன்னொன்று வடிகால், மழைக்காலம், கிழக்கு நோக்கிய அம்பு. கணினி உடனே புதிய பிழை காட்டியது: இரட்டைக் கோடு. அதை ‘விதிவிலக்கு’ என்று குறித்து, காரணம் எழுதி, என் பெயரைப் போட்டேன். விதிவிலக்குக்குப் பெயர் போடுகிறவர்தான் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் இரண்டு பிரிவுகளின் பொறியாளர்களும் இருந்தார்கள். திரையில் படம் வந்ததும் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒரே வாய்க்கால் எப்படிம்மா ரெண்டா இருக்கும்?”

“ரெண்டு இல்ல சார். ஒண்ணுதான். ரெண்டு காலத்துல ரெண்டு வேலை பாக்குது.”

“அப்ப தூர் வார்றது யாரு?”

“அதத்தான் சார் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணணும். ஆழமா வெட்டினா கீழ ஊருக்குத் தண்ணி எட்டாது. ஒடுக்கிக் கதவு போட்டா மேல ஊர்ல வடியாது. அந்த மேட்ட மட்டும் பழைய மட்டத்துக்கு எடுத்தாப் போதும். எவ்வளவு எடுக்கணும்னு உயரம் எங்ககிட்ட இருக்கு.”

தூணின் இரண்டு முகங்களையும் திரையில் போட்டோம். பிறகு இன்னொருவர், “இத ஒத்துக்கிட்டா ஊருக்கு ஊர் இதே மாதிரி கெளம்புவாங்களேம்மா?” என்றார்.

“கெளம்பட்டும் சார். நாங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்றோம்.”

இதை எழுதும்போதும் அதை நினைத்தால் முதுகு நிமிர்கிறது.

கடைசி நாளில் அனுமதி வந்தது. அந்த அக்காவிடம் கடைமடைக்காரி தன் எண்ணைக் கொடுத்து அவர் எண்ணையும் வாங்கியிருந்தாள். அதில் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப வெதைய ஊறப் போடவாம்மா?”

நான் உயரம் சொல்லலாம். பொக்லைன் எப்போது வரும், ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று எப்படிச் சொல்வது? தயங்கினேன்.

“சரி விடுங்க,” என்றார் அவர். “மிசினு வந்து மேட்ட எடுக்கட்டும். ஆத்துல கொரம்பு கட்டட்டும். அதப் பாத்துட்டு நானே போட்டுக்கிறேன்.”

பொக்லைன் வந்தது, மேட்டை எடுத்தது. மேட்டூர் திறந்து, தண்ணீர் ஊர் ஊராகக் கைமாறி, ஒருவழியாக அந்தச் சிறிய ஆற்றையும் தொட்டது. கீழ ஊரில் கொரம்பு கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் விதையை ஊறவைத்தார். முளை கட்டிய விதை சாக்கில் தயாராக இருக்கிறது, தண்ணீர் இன்றைக்குப் பாலத்துக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விதை வீணாகிவிடும் என்று கடைமடைக்காரிக்குச் சேதி வந்தது. நாங்கள் நால்வரும் கிளம்பினோம்.

போகும் வழியிலேயே பந்தயம். தூணைத் தொட்டு நிற்கும் என்றேன் நான்; வரைபடம் சொன்னது அதுதான். தூணுக்கு முன்னாலேயே நின்றுவிடும் என்றான் தலைமடைக்காரன். பாலத்தையே தாண்டும் என்றாள் கடைமடைக்காரி. ட்ரோன்காரர் யார் தோற்றாலும் தனக்குச் சமோசா என்று முடித்துக்கொண்டார்.

நாங்கள் போனபோது தண்ணீரின் நுனி தடத்தின் பாதியில் இருந்தது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிறவரைவிட மெதுவாக வந்தது. மேற்கு நோக்கித்தான் வந்தது. தலைமடைக்காரன் அதன் பக்கத்திலேயே கரைமேல் நடந்தான், மாட்டுக்குப் பக்கத்தில் நடப்பவன் போல. பழைய மண்மேடு இருந்த இடத்துக்கு வந்ததும் நுனி நின்றுவிட்டது.

அந்த அக்கா கரையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. என் கணக்கில் எங்கே தப்பு என்று உயரங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினேன். மேட்டை முழுக்க எடுக்கவில்லையா? கொரம்பு ஒழுகுகிறதா?

“குமிழி வருது பாருங்க,” என்றாள் கடைமடைக்காரி. மண்ணில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. நண்டு வளைகள். ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தன. அவை நிரம்பும்வரை நின்ற தண்ணீர், பிறகு ஒன்றும் நடக்காதது போல நகர்ந்தது. எங்கள் உயரப் பட்டியலில் நண்டு வளைகளுக்கு இடமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை நண்டு எவ்வளவு குடிக்கும் என்று கணக்கிட முடியுமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தண்ணீர் அவர் மடையை எட்டியது. மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தினார். தண்ணீர் தலையைத் திருப்பி நாற்றங்காலுக்குள் இறங்கியது. அவர் முகத்தை நான் பார்ப்பதற்குள் அதன் பின்னாலேயே வயலுக்குள் போய்விட்டார்.

தடத்தில் மிச்சத் தண்ணீர் தூணைத் தொட்டது. மொபெட்டில் வந்திருந்த மேல ஊர்க்காரர் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தூணைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

“மேடம், ஒங்க மேப்பு இங்கனயே நின்னுரும்னு சொல்லிச்சுல்ல?”

“ஆமாங்க.”

“இதுக்கு யாரும் சொல்லல போலருக்கே. விட்டா எங்க வூட்டுக்கே வந்துரும்.”

எல்லோரும் பாலத்தின் மேற்குப் பக்கம் ஓடினோம். அங்கே பொக்லைன் வண்டி திரும்பிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீர் அதற்குள் போய்ச் சுழன்று, நிரம்பி, நின்றது. அதற்கு மேல் ஒரு சாண்கூட ஏறவில்லை. மேல ஊர்க்காரர் மூச்சை விட்டார். “பொழச்சோம். ஐப்பசியில வந்து இந்தப் பக்கமும் பாத்துட்டுப் போங்க.” கட்டாயம் வருவோம் என்றேன். அவர் உபசாரத்துக்குத்தான் கூப்பிட்டார். நான் ஆசையாகச் சொன்னேன். கடைமடைக்காரி பந்தயத்தில் ஜெயித்ததாக அறிவித்தாள். பள்ளம் செல்லாது என்றான் தலைமடைக்காரன்.

“அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க அத்தன பேரும்?” வயலிலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது. “யாராச்சும் வந்து சாக்கப் புடிங்கம்மா!”

வரப்பில் இரண்டு சாக்குகள் ஈரமாக இருந்தன. ஒன்றின் ஒரு முனையைத் தலைமடைக்காரன் பிடித்தான், மறுமுனையை நான். தூக்கும்போது உள்ளங்கையில் சூடு தெரிந்தது. வெயிலில் கிடந்த சூடு என்று நினைத்தேன்; சாக்கு இருந்தது நிழலில். வாயைக் கொஞ்சம் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். வெள்ளை வெள்ளையாக முளை விட்ட நெல், காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது.

“சீக்கிரம்மா,” என்றார் அவர், கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு.